கோதுமை கலவாத பேக்கரி: நம் மஹல்லாவில் தொடங்க முடியுமா?

பன், ரொட்டி, பிஸ்கட், சமோசா, பரோட்டா, சேமியா என்று காலை முதல் இரவு வரை ஏதேனும் ஒரு வடிவில் கோதுமை நம் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. விருந்தினர் வந்தால் பேக்கரிக்கு ஆள் அனுப்புகிறோம். நோன்பு திறக்கும் தட்டில் சமோசா வைக்கிறோம். பெருநாளுக்கு ரவையில் தம்ரூட் செய்கிறோம். இவற்றுள் எதையுமே தொடக்கூடாத பிள்ளை ஒன்று உங்கள் தெருவில் இருந்தால், அதற்கு எந்தக் கடையில் கேக் வாங்கிக் கொடுப்பீர்கள்? விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சிறுதொழில் தொடங்க எண்ணும் சகோதர சகோதரிகள் இக்கேள்வியைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

நோய் எத்தகையது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்திற்குக் குளூட்டன் என்று பெயர். பிசைந்த மாவு இழுபடுவதற்குக் காரணம் இதுவே. பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் 'சீலியாக்' என்னும் நோயுடையவர் இதை உண்டால், அவரது உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்புறத்தைத் தாக்கிச் சிதைக்கிறது. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் போகிறது. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், தீராத இரத்தசோகை, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியன இதன் விளைவுகள். வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே விலக்குவதே இதற்குரிய சிகிச்சை.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் போரின் விளைவாக அந்நாட்டில் கொடும் பஞ்சம் நிலவியது. ரொட்டி கிடைக்காத அந்நாட்களில் இந்நோயுற்ற பிள்ளைகள் தேறியதும், ரொட்டி மீண்டும் வந்தபோது அவர்களது நோயும் திரும்பியதும், கோதுமை மீது அவர் ஏற்கனவே கொண்டிருந்த ஐயத்தை உறுதிப்படுத்தின. 1950-இல் தம் ஆய்வேட்டில் அதனை நிலைநாட்டினார்.

நம் நாட்டில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வடமாநிலங்களில் பரிசோதிக்கப்பட்டோரில் 1.23 விழுக்காட்டினருக்கும், தென்னகத்தில் 0.10 விழுக்காட்டினருக்கும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருந்தன. நம் பக்கத்தில் நோயுடையோர் ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் இரார் என்று கொள்ளலாம். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அந்த ஒருவருக்குக் கடைத்தெரு முழுவதும் மூடிக் கிடக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐயம் தோன்றியதும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக்கூடாது. நிறுத்தியபின் இரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். முதலில் மருத்துவரைக் கண்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடல் நோய்களுக்கான தனிப்பிரிவு நமக்கு அருகில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலேயே இருக்கிறது.

பொருள் நம் மண்ணிலேயே உண்டு

அரிசி, கம்பு, கேழ்வரகு, சோளம், வரகு, கடலைமாவு, மரவள்ளி மாவு ஆகிய எவற்றிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. விழுப்புரம் மாவட்டம் நெல்லுக்கும் மணிலாக்கொட்டைக்கும் பெயர் பெற்றது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்கள் அவ்வூரின் பெயரால் 'டி.எம்.வி.' என்றே வழங்குகின்றன. ஆகவே மூலப்பொருளைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

பக்குவத்தில்தான் சிரமம் உண்டு. ஈஸ்ட் எழுப்பும் காற்றைப் பிடித்துவைத்து ரொட்டியை உப்பச் செய்வது குளூட்டன். அது இல்லாத மாவு உதிர்ந்துபோகும். முட்டை, இசப்கோல் உமி போன்றவற்றைச் சேர்த்து அக்குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். எனவே முதல் நாளே பன், ரொட்டியில் இறங்காமல், பிஸ்கட், கேக் ஆகியவற்றில் தொடங்குவது அறிவுடைமை. தூத்துக்குடி மக்ரூனைப் பாருங்கள்: முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றே பொருள்கள். கோதுமையின் துணையின்றியே அது ஓர் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கிறது. நம் வீட்டு வட்டலப்பமும் அத்தகையதே.

உண்மையான சோதனை

கடைக்குச் சென்றால் இறைச்சி ஹலால்தானா என்பதோடு நம் பெண்கள் நின்றுவிடுவதில்லை. எந்த எண்ணெயில் பொரித்தீர்கள், எந்தக் கத்தியால் நறுக்கினீர்கள் என்றும் கேட்பார்கள். அந்தப் பேணுதலே இத்தொழிலின் உயிர்நாடி.

கம்பு மாவில் கேக் செய்துவிட்டால் மட்டும் போதாது. கோதுமை அரைத்த மில்லில் அந்தக் கம்பை அரைத்திருந்தால் எல்லாம் வீண். மைதா சலித்த சல்லடை, சப்பாத்தி தேய்த்த மரப்பலகை, ஒரே வெண்ணெயில் இட்ட கரண்டி, காற்றில் பறக்கும் மாவுத்தூள் ஆகிய யாவும் ஆபத்தே. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதைப் பலர் அறியார். சிறுதானிய பிஸ்கட் என்று விற்கப்படுவதிலும் மைதா இருக்கக்கூடும். உறையைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமாயின், ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு சிட்டிகை மைதாவே இந்த அளவைத் தாண்டப் போதுமானது. ஆகவே கோதுமையே நுழையாத தனி அறை, சொந்தமாக ஒரு சிறு அரவை இயந்திரம், தனித் தட்டுகள், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் அவ்வப்போது பரிசோதனை ஆகியன இன்றியமையாதவை. இருக்கின்ற பேக்கரியின் ஒரு மூலையில் இதை நடத்திவிடலாம் என்று எண்ணுவோர் தொடங்காமலிருப்பதே நலம்.

வியாபாரம் நிற்குமா?

ஆயிரத்தில் ஒருவரை நம்பிக் கடை நடத்த முடியாது. எனவே பண்டம் எல்லோரும் விரும்பி வாங்கும் சுவையுடையதாக இருக்க வேண்டும். மணிலாக்கொட்டை பிஸ்கட்டும் கேழ்வரகு கேக்கும் சுவைக்காகவே விற்கட்டும். சர்க்கரை நோய் தீரும், உடல் மெலியும் என்றெல்லாம் விளம்பரம் செய்ய வேண்டாம். குளூட்டன் இல்லை என்பதால் சர்க்கரை குறைந்துவிடாது. தொடக்கத்தில் நான்கு பண்டங்களை மட்டும் முன்கூட்டிய ஆர்டரின் பேரில் செய்தால் நட்டம் குறையும்.

தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. அங்கே மறைந்திருந்த ஈரத்தைக் கைவிட்டுப் பார்த்தேனும் அறிய முடிந்தது. கேக்கில் கலந்த மைதாவை எந்தக் கையாலும் அறிய முடியாது. உறையில் நீங்கள் எழுதும் சொல்லை நம்பித்தான் ஒரு தாய் அதைத் தன் பிள்ளைக்கு ஊட்டுகிறாள். அந்த அமானத்தைக் காக்க உறுதியுள்ளவர்கள் இத்தொழிலைத் தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், வாங்குவோர் தேடி வருவார்கள்.