பணம் வருது... வந்துக்கிட்டே இருக்குது!

மணி இரவு எட்டேகால். பாளையங்கோட்டையில் அந்தக் கடையின் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. கீழே குனிந்து, "அண்ணாச்சி... ஒரு நிமிஷம்! தம்மாம்ல இருந்து பணம் வந்திருக்கு" என்றேன். உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "நாளைக்கு வாங்களேன் தம்பி..."

நாளைக்கு எப்படி வர முடியும்? நாளைக் காலையில்தானே அம்மாவுக்கு ஆபரேஷன்!

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு அடுக்களையில் புதன்கிழமை ராத்திரி அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம். "சனிக்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள ரெண்டு லட்சம் கட்டிருங்க" என்றார்கள். என்னிடம் இருந்தது நாற்பதாயிரம். அக்காவின் வீட்டுக்காரர், அதாவது அத்தான், தம்மாமில் வேலை பார்க்கிறார். வியாழன் சாயந்தரம் போன் செய்தார். "மாப்ளே, கவலைப்படாத. பேங்க்ல இருந்து உன் அக்கவுண்டுக்கு அனுப்பிட்டேன்!"

நானும் நம்பினேன். பி.காம். படித்தவன் நம்பலாமா?

சவூதியில் வெள்ளி, சனி வார விடுமுறை. வியாழன் சாயந்தரம் கொடுத்த உத்தரவு ஞாயிறன்றுதான் கண் விழிக்கும். ஞாயிறு இங்கே லீவு. பணம் டாலராக மாறி நியூயார்க் வழியாக வருவதென்றால் அங்கேயும் ஞாயிறு லீவு. மூன்று நாட்டுக் காலண்டரும் ஒத்துப் போகிற முகூர்த்த நாள் திங்கள்கிழமை. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை சார்!

இந்த வங்கிப் பரிமாற்றத்துக்குப் பெயர் 'ஸ்விஃப்ட்'. இங்கிலீஷில் 'வேகம்' என்று அர்த்தம். 1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கி, 1977-ல் செயல்பட ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், அது பணத்தை நகர்த்துவதே இல்லை. 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்லும் செய்திதான் அது. இரண்டுக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் மூன்றாவது வங்கி வரும். அது சும்மா வருமா? ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் அனுப்பும். அனுப்பும்போதே 'எல்லாச் செலவும் என்னுடையது' என்று குறித்துக் கொடுத்தால் முழுப் பணம் வந்து சேரும். இதை அத்தானுக்கு யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் பேசினான். "அண்ணே, உங்க யு.பி.ஐ. ஐ.டி. சொல்லுங்க." சொன்னேன். போனை வைப்பதற்குள் 'டிங்' என்று சத்தம். பணம்! 2023 பிப்ரவரி 21-ம் தேதி நம்ம ஊர் யு.பி.ஐ.யையும் சிங்கப்பூரின் 'பேநவ்'வையும் இணைத்தார்கள். முதலில் சேர்ந்த நம் வங்கிகளில் இந்தியன் வங்கியும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு. ஆனால் வரம்பு இருக்கிறது. இங்கிருந்து அங்கே அனுப்ப, ஒரு நாளைக்கு அறுபதாயிரம் ரூபாய் என்றுதான் ஆரம்பித்தார்கள். அங்கிருந்து தம்பியால் அனுப்ப முடிந்ததும் கொஞ்சம்தான். மின்னல் வேகம்தான், ஆனால் மின்னல் அளவுக்குத்தான் வெளிச்சம்.

தம்பி சும்மா இருக்கவில்லை. அத்தானையும் பிடித்து உலுக்கியிருக்கிறான். அவர் வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் முடிந்து, பணம் அனுப்பும் கவுண்டர் திறந்ததும் போய் வரிசையில் நின்று, ரொக்கமாகக் கட்டி, ரகசிய எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் தட்டினார். அந்த எண்ணோடுதான் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து நின்றேன்.

இந்த முறை புதிதல்ல. வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி 1871-லேயே தந்திக் கம்பி மூலம் பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கும் நிமிடக் கணக்குதான். எந்த ஊர்க் கவுண்டரிலும் வாங்கலாம். ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி ரொக்கமாக ஐம்பதாயிரம் வரைதான் கையில் கொடுப்பார்கள். மேலே போனால் கணக்கில்தான் வரும். ஒரு தடவைக்கு 2,500 டாலர், வருஷத்துக்கு முப்பது தடவை என்பது உச்சவரம்பு. அடையாள அட்டையில் இருக்கிற பெயரும், அங்கே எழுதிக் கொடுத்த பெயரும் இனிஷியல் உட்பட ஒத்துப் போக வேண்டும். அண்ணாச்சி என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்த இரண்டு நிமிஷம் இருக்கிறதே... அப்பப்பா! ஐம்பதாயிரம் எண்ணிக் கொடுத்தார்.

'உண்டியல்ல அனுப்பச் சொல்லியிருந்தா ஒரு மணி நேரத்துல வீட்டுக்கே வந்திருக்குமே' என்று ஒரு பக்கத்து பெட்காரர் ஆலோசனை சொன்னார். வரலாம். சிக்கினால் 'ஃபெமா' சட்டத்தில் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதமும் வரலாம். வராமலே போய்விட்டால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

மீதித் தொகைக்கு அக்காவின் சங்கிலி போயிற்று. நகைக்கடனுக்கு இருபது நிமிஷம். அன்றைய பந்தயத்தில் சிங்கப்பூருக்கு அடுத்த இடம் அதற்குத்தான்!

எங்கள் வீட்டுக்கு இந்தக் காத்திருப்பு புதிதில்லை. தொண்ணூறுகளில் அப்பாவும் தம்மாமில்தான் இருந்தார். ரிஜிஸ்தர் தபாலில் டிராஃப்ட் வரும். அதை வங்கியில் போட்டால் 'கலெக்‌ஷனுக்குப் போயிருக்கு' என்பார்கள். எங்கே போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் ஆடித்தபசுக்குப் புதுச்சட்டை எடுக்க அப்பா அனுப்பிய டிராஃப்ட் காசாகும்போது ஆவணி பிறந்துவிட்டது. பழைய சட்டையோடு கோயில் வாசலில் நின்று தபசுக் காட்சி பார்த்தேன்.

ஆபரேஷன் சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. வியாழன் அனுப்பிய அத்தானின் வங்கிப் பணம்? செவ்வாய்க்கிழமை இங்கே வந்து, 'பெயரில் வித்தியாசம்' என்று ஒரு நாள் உட்கார்ந்து, புதன்கிழமை மதியம் கணக்கில் ஏறியது. அம்மா வார்டில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒங்க அப்பா டிராஃப்டே தேவல. அதுகூட ஒரு லெட்டராவது இருக்கும்" என்றாள்.

உலக வங்கி மதிப்பீட்டில் 2024-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 129 பில்லியன் டாலர். அதில் எங்கள் பங்கை வைத்து மறுநாள் சங்கிலியை மீட்டோம். ஆறு நாளுக்குத்தானே வைத்தோம் என்றேன். ஒரு மாச வட்டியைக் குறைந்தபட்சமாக வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.