இதே ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், டாக்டர்?

என் கணவர் நகைப் பட்டறைக்காரர். கோவையில் செயின் கண்ணி கோர்ப்பதும் பற்றவைப்பதும்தான் அவர் தொழில். சாமணத்தில் பிடித்த கண்ணி நழுவி விழத் தொடங்கியபோது, வயசாகுது என்று சிரித்துக்கொண்டார். பற்றவைத்த வளையலை ஆறுவதற்குள் இடது கையால் எடுத்து, சூடே தெரியாமல் விரல் கொப்பளித்து வந்த அன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்தது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். நாளெல்லாம் குனிந்து உட்காருகிறவருக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம் என்று நாங்களும் நம்பினோம். கழுத்துப் பட்டை, டிராக்‌ஷன், மாத்திரை என்று போனது. சட்டைப் பொத்தான் போட்டுவிட மகன் வரவேண்டும் என்றான பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள்.

ஸ்கேன் சென்டர் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். முதுகெலும்பு வேறு, அதற்குள் ஓடும் தண்டுவடம் வேறு. மூளையின் அடியில் தொடங்கி இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிற நரம்புக் கற்றை அது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 45 செ.மீ. நீளம்; பருமன் நம் சுண்டுவிரல் அளவுதான். டிஸ்க் நழுவினால் அதை வெளியிலிருந்து அழுத்தும். சுற்றியுள்ள உறையில் கட்டி வந்தாலும் அழுத்துவது வெளியிலிருந்துதான். அவருக்கு வந்ததோ தண்டுவடத்துக்கு உள்ளேயே, கழுத்துப் பகுதியில். நடுவில் ஓடும் நுண்குழாயின் சுவரில் உள்ள செல்களிலிருந்து கிளம்புகிற கட்டி, பெயர் எபெண்டிமோமா. மூளையிலும் தண்டுவடத்திலும் வரும் கட்டிகளை எல்லாம் சேர்த்து எண்ணினால், இப்படித் தண்டுவடத்துக்குள் வருபவை நூற்றுக்கு 2 முதல் 4 வரைதான். அதில் பெரியவர்களுக்கு அதிகம் வருவது எபெண்டிமோமா. பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். ஆனால் அது வளரும் இடத்தில் வளர இடமே கிடையாது.

மருந்துக்குக் கரையாது, எடுத்தாக வேண்டும் என்றார்கள். யாரிடம் போவது?

இந்த இடத்தில்தான் நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் குறுக்கே வரும். “பெரிய டாக்டர்” யார் என்று ஆளாளுக்கு விசாரிப்போம். கார் நிறுத்த இடமில்லாத ஆஸ்பத்திரி, மூன்று மாதத்துக்கு டோக்கன் கிடைக்காத டாக்டர், சொந்தக்காரர் யாருக்கோ முதுகு வலியைச் சரிசெய்தவர். என் நாத்தனார் வேறு, “கழுத்துல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான் அண்ணி, எண்ணெய் வைத்தியம் பாருங்க” என்று தினமும் போன் போடுவாள். நான் பஞ்சாலையில் கணக்கு எழுதுகிறவள். யாராவது “நிறைய” என்றால் “எவ்வளவு” என்று கேட்டே பழகிவிட்டேன்.

முதலில் பார்த்த டாக்டர், வாரத்துக்கு நாலைந்து ஸ்பைன் ஆபரேஷன் செய்வதாகச் சொன்னார். “அதுல தண்டுவடத்துக்கு உள்ளே இருக்கற கட்டி எத்தனைங்க சார்?” என்றேன். “என்னம்மா, எனக்கே இன்டர்வியூவா?” என்றார். என் கணவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். டாக்டரிடம் எண்ணிக்கை கேட்பது மரியாதைக் குறைவு என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. நகை செய்யக் கொடுக்கும்போது மட்டும் இந்த வேலைப்பாடு உனக்கு வருமா என்று பட்டறைக்காரரைக் கேட்காமல் யாரும் தங்கத்தைக் கொடுப்பதில்லை.

அடுத்துப் பார்த்தவர் ஸ்கேனை வெகுநேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அதே கேள்விக்கு, “இத்தனை வருஷத்துல ரெண்டோ மூணோதான்மா. டிஸ்க்குன்னா நாளைக்கே அட்மிஷன் போடுவேன். இதை நான் செய்யறது உங்க வீட்டுக்காரருக்கு நியாயம் இல்லைங்க” என்றார். சீட்டின் பின்பக்கத்தில் சில பெயர்களை எழுதிக் கொடுத்தார். ஃபீஸ் 500 ரூபாய். அந்த ஆண்டு முழுக்க நாங்கள் செலவழித்ததில் அதைவிடப் பிரயோஜனப்பட்ட பணம் இல்லை. உங்கள் டாக்டரால் இந்த வேலை முடியாவிட்டாலும், அது யாரால் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

நாத்தனார் மகள் பி.ஃபார்ம் படிக்கிறாள். அவள்தான் பப்மெட் என்ற ஒன்றைக் காட்டினாள். மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்களை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் இலவசமாகத் திரட்டி வைத்திருக்கும் தொகுப்பு அது. நோயின் பெயரோடு இந்தியா என்று சேர்த்துத் தேடினால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி எழுதியவை வருகின்றன. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னையில் ராமமூர்த்தி 1950-லும் தொடங்கிவைத்த நரம்பு அறுவை சிகிச்சைத் துறை இது; நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கட்டுரை முழுவதும் புரிய வேண்டியதில்லை. எத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது, நடந்து வந்தவர்களில் எத்தனை பேர் பிறகும் நடந்தார்கள் என்று மூன்று எண்ணைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது எண்தான் எங்களை அவசரப்படுத்தியது. ஆபரேஷனுக்குப் போகும்போது கைகால் எப்படி இருக்கிறதோ, பெரும்பாலும் அதை ஒட்டித்தான் பின்னாலும் அமையும். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு எவ்வளவு கெட்டிக்கார டாக்டரிடம் போனாலும் போனதெல்லாம் திரும்பாது. ஆகவே டாக்டரைத் தேடுவதற்கும் ஒரு கெடு உண்டு.

அனுபவம் ஏன் இவ்வளவு முக்கியம்? 1887-ல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி முதன்முதலாகத் தண்டுவடத்தை அழுத்திய கட்டி ஒன்றை எடுத்து நோயாளியை நடக்கவைத்தார். அது வெளியே இருந்த கட்டி. உள்ளே இருப்பதை வெற்றிகரமாக எடுக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின. 1907-ல் வியன்னாவில் ஐசெல்ஸ்பெர்க் அதைச் செய்தார். நியூயார்க்கின் சார்லஸ் எல்ஸ்பெர்க் ஒரு வினோதமான வழி கண்டார். தண்டுவடத்தைக் கீறிவிட்டு, கட்டியைத் தொடாமல் தோலை மூடி, ஒரு வாரம் கழித்துத் திறப்பார். அதற்குள் கட்டி தானே வெளியே பிதுங்கி வந்திருக்கும். நரம்பைத் தொட அவ்வளவு பயம். இன்று மைக்ராஸ்கோப் இருக்கிறது, கட்டியை அதிர்வால் பொடித்து உறிஞ்சும் அல்ட்ராசானிக் கருவி இருக்கிறது. எபெண்டிமோமாவுக்கும் நரம்புக்கும் இடையே பெரும்பாலும் ஒரு மெல்லிய எல்லை உண்டு. அதைக் கண்டுபிடித்து அதை ஒட்டியே பிரித்துப் போவதுதான் வேலை. எல்லை தெரியாதவர் கொஞ்சம் எடுத்துவிட்டு நிறுத்திவிடுவார், அல்லது நரம்பையும் சேர்த்து எடுத்துவிடுவார்.

டாக்டர் ஒருவர் மட்டும் தேர்ந்தவராக இருந்தாலும் போதாது. தலையிலும் கைகால் தசைகளிலும் சிறு ஊசிகளைப் பொருத்தி, மூளைக்கும் கைகாலுக்கும் நடுவே செய்தி போய்வருகிறதா என்று ஆபரேஷன் முழுக்க ஒருவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சிக்னல் குறைந்தால் குரல் கொடுப்பார். டாக்டர் கையை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சலைன் ஊற்றிக் காத்திருப்பார். இதற்காக, வழக்கமாகத் தசைகளைத் தளர்த்தப் போடும் மருந்தை மயக்க டாக்டர் அந்த நேரத்தில் தவிர்க்க வேண்டும். சில மயக்க வாயுக்களும் சிக்னலைக் கெடுக்கும். ஆக, மயக்க டாக்டருக்கும் இது பழகிய வேலையாக இருக்க வேண்டும். “மானிட்டரிங் உண்டா?” என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்பார்கள். “யார் உட்காருவாங்க, அவங்க எப்பவும் உங்களோட வேலை செய்யறவங்களா?” என்று கேட்டால்தான் விவரம் வரும். நீங்களேதான் செய்வீர்களா, முழுதாக எடுக்கப் பார்ப்பீர்களா, இப்போது செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

கடைசியில் நாங்கள் ஒப்புக்கொண்ட டாக்டர், கேட்பதற்கு முன்பே ஒன்றைச் சொன்னார். “எழுந்ததும் இப்ப இருக்கறதைவிட மோசமாத்தான் இருக்கும். தண்டுவடத்தைப் பின்பக்கம் நடுவுல பிளந்துதான் உள்ளே போகணும். கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு அங்கதான் ஓடுது. சில மாசம் ஆகும். கொஞ்சம் நிரந்தரமாவும் நின்னுடலாம்.” எங்கே என்ன போகும் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்பவர், அதைப் பலமுறை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். வெளியே வந்ததும் என் கணவர், “இவர்கிட்டயே செஞ்சுக்கலாம்” என்றார்.

சொன்னபடியே ஆனது. கண் திறந்திருந்தால் நிற்பார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டோம். தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து பழகினார். பிசியோதெரபிக்குப் போகச் சலிப்பார், நான் விடமாட்டேன். நடை வந்துவிட்டது. இடது கை விரல்களுக்குச் சூடு இன்னும் சரியாகத் தெரிவதில்லை. பற்றவைப்பை என் மைத்துனரிடம் விட்டுவிட்டு மெருகும் எடையும் இவர் பார்க்கிறார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியும் எல்லா சிகிச்சையும் அதில் வராது. தேதி குறிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதிர்வீச்சு தேவைப்படாது. மிச்சம் இருந்தால் அது பற்றிப் பேசுவார்கள். பல ஆண்டு கழித்தும் திரும்ப வரலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. தொடர்ந்து எடுக்க வேண்டும். பிலிமை மட்டும் வாங்காமல் சி.டி.யாகவும் வாங்குங்கள், வேறு டாக்டர் படங்களை நகர்த்திப் பார்க்க அதுதான் வேண்டும். பயாப்ஸி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் மறுபரிசோதனைக்குத் தேவைப்படலாம். எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.