கொலையாளி யாரென்று தெரிந்த பின்னும்

தொலைக்காட்சி பார்ப்பதைப் பொழுதை வீணாக்கும் செயலென்று ஒதுக்கிவிடும் பெரியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் கூற்றை முற்றாக மறுக்க நாம் முன்வரவில்லை. முடிவே காணாது ஆண்டுக்கணக்கில் நீளும் குடும்பத் தொடர்களில், மாமியார் மருமகளை ஒருமுறை முறைத்துப் பார்ப்பதற்கே ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடுவதைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும், நல்ல நூலொன்றை மீண்டும் எடுத்துப் படிப்பதுபோல நாம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தொடர்கள் சில உண்டு. அவை யாவும் ஆங்கில மொழியில் அமைந்தவை. ஒன்று கொலைகாரரைப் பற்றியது. இரண்டு ஹாஸ்யத் தொடர்கள். ஏனையவை மர்மக் கதைகள். ஒன்றுக்கொன்று உறவற்றவைபோலத் தோன்றும் இவற்றினிடையே நெருங்கிய உறவொன்று இருப்பதாக நமக்குப் படுகின்றது. கதையின் இரகசியத்தை எவர் கையில் கொடுப்பது என்பதே அவ்வுறவு.

முதலில் 'கொலம்போ' என்னும் அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்வோம். (நமது தலைநகரின் ஆங்கிலப் பெயரோடு இப்பெயர் ஓரெழுத்தால் மாத்திரமே வேறுபடுகின்றது, அதற்குமேல் இரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.) துப்பறியும் கதை என்றால் கொலையாளி யார் என்பதைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். இத்தொடரோ அவ்விதியைத் தலைகீழாக்கிவிட்டது. கதை தொடங்கியதும் கொலையைப் பார்க்கின்றோம். கொன்றவன் யார், எதற்காகக் கொன்றான், எவ்வாறு தடயங்களை அழித்தான் என்பன யாவும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அதன் பின்னரே துப்பறியும் அதிகாரி வந்து சேருகின்றார். ஒஸ்ரின் ஃபிரீமன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1912இல் வெளியிட்ட கதைத் தொகுதியொன்றிலேயே இம்முறையைக் கையாண்டிருந்தார். எனினும் அதனைக் கோடிக்கணக்கான மக்களிடம் கொண்டுசென்றவர் இந்தக் கசங்கிய மேலங்கிக்காரரே.

இரகசியத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். அக்கேள்வியை நம்மவர் கேட்பதுதான் விந்தை. காத்தவராயன் கழுவேறப் போகின்றான் என்பது யாழ்ப்பாணத்துச் சிறுவருக்கும் தெரியும். அரிச்சந்திரன் மயானத்தில் தன் மகனுடைய பிணத்தை அடையாளங் கண்டுகொள்வான் என்பதை அறியாதவர் எவர்? அறிந்திருந்தும் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தைக் காண ஊர் ஊராகச் சனங்கள் திரண்டார்கள். ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறையும் போனார்கள். 'என்ன நடக்கும்?' என்பது தெரிந்துவிட்டால், 'எவ்வாறு நடக்கும்?' என்பதில் மனம் முழுமையாக ஊன்றுகின்றது. கூத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொலம்போ அந்நியனல்லன்.

இத்தொடரைப் படைத்தவர்கள் றிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்னும் இருவர். பிலடெல்பியா நகரிலே பள்ளித் தோழராகப் பழகி, 1987இல் லெவின்சன் இறக்கும்வரை சேர்ந்தே எழுதியவர்கள். தொஸ்தோயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரியை முன்மாதிரியாகக் கொண்டே இவரை உருவாக்கினார்கள். இப்பாத்திரம் 1960இல் தொலைக்காட்சி நாடகமொன்றிலும், பின்னர் மேடையிலும் வேறு நடிகர்களால் நடிக்கப்பெற்று, 1968இல் பீற்றர் ஃபோக்கிடம் வந்து சேர்ந்தது. அதன்பின் வேறெவரையும் அந்த உருவத்தில் எண்ணிப் பார்க்க முடியவில்லை. மூன்று வயதிலே நோயினால் வலக்கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்தப்பெற்றவர் ஃபோக். அந்த மேலங்கியும் அவருடைய சொந்த அங்கியே. பழைய பேஜோ கார் ஒன்று, சோம்பல் மிக்க நாய் ஒன்று, ஓயாது பேசப்பட்டும் ஒருநாளும் நம் கண்ணிற் படாத மனைவி ஒருத்தி: இவையே அவரது பரிவாரம். இடையிற் பல ஆண்டுகள் நின்றுபோயினும் 2003 வரை 69 கதைகள் வெளிவந்தன.

ஒழுங்கான தொடராக அது ஆரம்பித்தபோது, 1971 செப்ரெம்பரில் ஒளிபரப்பான முதற் கதையை இயக்கியவர் அப்போது இருபத்தைந்து வயதைக்கூட எட்டாத ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க். கதையைக் கேளுங்கள். இரு எழுத்தாளர்கள் கூட்டாக மர்ம நாவல்கள் வெளியிட்டுப் பெரும் புகழடைந்திருக்கின்றார்கள். ஆனால் உண்மையில் எழுதுபவர் ஒருவரே. மற்றவர் பேட்டி கொடுப்பதிலும் விருந்துகளிற் சிரிப்பதிலுமே வல்லவர். எழுதுபவர் கூட்டை முறித்துக்கொள்ள விரும்புகின்றார். எழுதத் தெரியாதவர் அவரைக் கொன்றுவிடுகின்றார். தொலைவிலுள்ள தமது விடுதிக்கு நண்பரை அழைத்துச் சென்று, அலுவலகத்திலிருந்து பேசுவதாக மனைவிக்குத் தொலைபேசியிற் சொல்லச் செய்து, பேச்சின் நடுவிலே சுடுகின்றார். வெடிச்சத்தத்தைக் கேட்ட மனைவி, கணவர் அலுவலகத்திலேயே சுடப்பட்டார் என்று நம்புகின்றாள். எத்துணைச் சாமர்த்தியமான திட்டம்! எழுதத் தெரியாத மனிதனுக்கு இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது? அதிகாரி பற்றிக்கொள்ளும் நூல் அதுவே. விடையை இங்கே சொல்லப்போவதில்லை. பள்ளித் தோழர் இருவர் கூடி உருவாக்கிய தொடரின் முதற் கதை, கூட்டாக எழுதும் இருவரில் ஒருவர் மற்றவரைக் கொல்வதாக அமைந்ததை எண்ணும்போது நமக்குச் சிரிப்பு வருவதுண்டு.

இக்கொலைகாரர் எவரும் வறியவரல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். வைத்தியர், இசை வல்லுநர், வழக்கறிஞர், அரசியல்வாதி, நடிகை எனப் பெரும்பாலும் செல்வமும் கல்வியும் வாய்ந்த மேன்மக்களே கொல்கின்றார்கள். அவர்களுடைய மாளிகைக்குள் இந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு நுழைகின்றார். கையிலுள்ள சுருட்டின் சாம்பலை எங்கே தட்டுவதென்று தெரியாமல் விழிக்கின்றார். தமக்கு விளங்கவில்லையென்றும், ஐயா அவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டுமென்றும் மிகுந்த மரியாதையுடன் கேட்கின்றார். அவர்களும் விளக்குகின்றார்கள், விளக்கி விளக்கியே அகப்பட்டுக்கொள்கின்றார்கள். வாயில்வரை சென்றவர், இன்னுமொரு சிறு சந்தேகம் என்று திரும்பி வரும் கணத்துக்காகவே நாம் காத்திருக்கின்றோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குக் கூசி, விளங்கியதுபோலத் தலையாட்டும் பிள்ளைகளை வகுப்பறையில் ஆண்டுதோறும் காண்பவர்கள் நாம். கேள்வி கேட்பவன் மூடன் என்று நினைத்தவர்களெல்லாம் தோற்றுப்போகும் இக்கதைகளை அப்பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்பது நமது அவா.

இனி ஹாஸ்யத்துக்கு வருவோம். 'ஃபோல்ற்றி ரவர்ஸ்' என்னும் பி.பி.சி. தொடர் 1975இல் ஆறும் 1979இல் ஆறுமாக மொத்தம் பன்னிரண்டே பகுதிகள் கொண்டது. பிரித்தானியத் திரைப்பட நிறுவகம் 2000ஆம் ஆண்டில் தயாரித்த சிறந்த நூறு பிரித்தானிய நிகழ்ச்சிகளின் வரிசையில் இதற்கே முதலிடம் கிடைத்தது. எழுதியவர்கள் ஜோன் கிளீஸும் கொனி பூத்தும். கணவன் மனைவியாக இருந்து எழுதத் தொடங்கிய அவர்கள், மணவாழ்க்கை முறிந்த பின்னரும் இரண்டாவது தொகுதியைச் சேர்ந்தே எழுதி முடித்தார்கள். ரோர்க்கி என்னும் கடற்கரை நகரில் பசில் என்பவர் நடத்தும் ஹோட்டலே களம். விருந்தினரை வெறுக்கும் ஒருவர் ஹோட்டல் நடத்தினால் எவ்வாறிருக்கும்? 1970இல் கிளீஸ் தம் நண்பர்களுடன் அந்நகரிலே தங்கிய ஹோட்டலொன்றின் உரிமையாளரிடமிருந்து பிறந்த பாத்திரம் இது.

இதன் கதைகள் கொலம்போவின் கதைகளைப் போலவே கட்டப்பட்டவை என்றால் நம்புவீர்களா? ஒரு பகுதியில் பசில் குதிரைப் பந்தயத்திற் பணம் வெல்கின்றார். பந்தயம் கட்டியது மனைவி சிபிலுக்குத் தெரிந்தால் தொலைந்தார். ஆகையால் ஸ்பானியப் பணியாள் மனுவெலிடம், யார் கேட்டாலும் தனக்கு ஒன்றும் தெரியாதென்றே சொல்ல வேண்டும் என்று படிப்பித்து வைக்கின்றார். பின்னர் ஒரு கட்டத்திலே, அப்பணம் தாம் வென்றதுதான் என்பதற்குச் சாட்சி தேவைப்படுகின்றது. மனுவெலை அழைத்துக் கெஞ்சுகின்றார். அவனோ நெஞ்சை நிமிர்த்தி, தனக்கு ஒன்றும் தெரியாது என்கின்றான். இங்கும் குற்றவாளி ஒருவர், மறைக்க ஒரு செயல், தேடிவரும் துப்பறிவாளர் ஒருவர் இருக்கின்றனர். சிபில்தான் துப்பறிவாளர். இரகசியம் இங்கும் முதலிலிருந்தே நம் கையில் இருக்கின்றது. பிணம் விழுந்தால் கொலைக்கதை, விழாவிட்டால் ஹாஸ்யம் என்று சொல்லலாமென்றால், அதற்கும் இடமில்லை. ஒரு பகுதியில் விருந்தினர் ஒருவர் நித்திரையிலே இறந்துபோக, அச்சடலத்தை ஒளித்து வைக்க இவர்கள் படும் பாடே கதை முழுவதும்.

மனுவெலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் சரியாக வராத அந்நியன் ஒருவனை அடித்தும் திட்டியும் சிரிப்பு மூட்டுவது தகுமா என்று கேட்பவர் உண்டு. அது நியாயமான கேள்வி. நமது உச்சரிப்பைக் கேட்டு நகைத்தவர்களை நாமும் சந்தித்திருக்கின்றோம். ஆகவே அதனை இலேசாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால், தாம் ஸ்பானிய மொழியை முறையாகக் கற்றவர் என்று பெருமை பேசும் பசிலின் ஸ்பானியம் மனுவெலின் ஆங்கிலத்தினும் கேவலமாயிருப்பது புலப்படும். கடிந்துகொள்பவனே நகைப்புக்கு இலக்காகின்றான். மனுவெலாக நடித்த அன்ட்ரூ சாக்ஸ் ஸ்பானியரல்லர். பேர்லினிற் பிறந்து, 1938இல் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிக் குடும்பத்துடன் இலண்டன் சேர்ந்த சிறுவன். ஆங்கிலம் அவருக்கும் பின்னர் கற்ற மொழியே. அடி சற்று அதிகம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஸ்பெயினில் ஒளிபரப்பியபோது மனுவெலை இத்தாலியனாக மாற்றிவிட்டார்கள். கேலியை அடுத்த வீட்டுக்காரன் தலையிற் கட்டிவிடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்போலும்.

'யெஸ் மினிஸ்ரர்' என்பது வேறு வகை. 1980இல் தொடங்கிய இத்தொடரில், அமைச்சர் ஹக்கரும் அவருடைய நிரந்தரச் செயலாளர் சேர் ஹம்ப்ரியும் ஒருவரிடமிருந்து ஒருவர் இரகசியங்களை மறைத்து விளையாடுகின்றார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் நிர்வாக உத்தியோகத்தரும் பணியாளருமாக ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கடமையாற்ற, நோயாளர் ஒருவர்கூட இல்லாதிருக்கும் கதையை இலங்கையில் அரசாங்கக் கந்தோருக்கு ஒரு தரமாவது போய் வந்தவர் எவரும் மொழிபெயர்ப்பின்றியே விளங்கிக்கொள்வர். அரசியல்வாதிகளைப் பரிகசிக்கும் இத்தொடரைப் பிரதமர் தட்சர் பெரிதும் இரசித்தார்; 1984இல் அதன் நடிகருடன் ஒரு சிறு நாடகத்திலே தாமும் நடித்தார்.

இதுவரை சொன்னவற்றில் இரகசியம் நம் கையில் இருந்தது. ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளில் அது துப்பறிவாளன் கையில் இருக்கின்றது. வொட்சனுக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரியும். ஹோம்ஸாக நடித்தவர் பலர். அவருள் ஜெரமி பிரெற் ஒருவரே நம் மனத்தில் நிற்பவர். கிரனாடா நிறுவனம் மான்செஸ்ரர் நகரில் பேக்கர் வீதியையே கட்டியெழுப்பி, 1984 முதல் 1994 வரை 41 கதைகளைப் படமாக்கியது. ஹோம்ஸின் பழக்க வழக்கங்களைக் கொனன் டொயிலின் எழுத்திலிருந்து தொகுத்து 77 பக்கங்களில் ஒரு கோவை தயாரித்திருந்தார்கள். சிட்னி பேஜெற் அந்நாளில் வரைந்த சித்திரங்களின் தோற்றங்களைச் சில காட்சிகளில் அப்படியே அமைத்தார்கள். இத்தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, 1985இல் பிரெற்றின் மனைவி காலமானார். மனநோயும் இருதய நோயும் அவரை வருத்தின. பிற்காலக் கதைகளில் முகம் ஊதி, மூச்சு வாங்க அவர் நடிப்பதைப் பார்ப்பது எளிதன்று. 1995இல் மறைந்தார். முற்பகுதிகளில் அவர் விரலசைவிலே இருந்த வேகத்தைப் பார்த்துவிட்டு இறுதிக் கதைகளுக்குப் போகின்றவர்கள், மர்மத்தை மறந்து மனிதனையே பார்த்துக்கொண்டிருப்பர்.

இரகசியம் எவர் கையிலும் இல்லாத தொடரும் ஒன்றுண்டு. 1990இல் டேவிட் லின்ச், மார்க் ஃப்ரொஸ்ற் ஆகியோர் படைத்த 'ருவின் பீக்ஸ்' அது. லோரா பாமர் என்னும் இளம்பெண்ணைக் கொன்றவர் யார் என்ற கேள்வி அமெரிக்கா எங்கும் ஒலித்தது. அதற்கு விடை சொல்லும் எண்ணமே லின்ச்சுக்கு இருக்கவில்லை. ஒளிபரப்பு நிறுவனம் நெருக்கியது. அவ்வாண்டிலேயே விடை சொல்லப்பட்டது. பார்ப்போர் குறைந்து, மறு ஆண்டிலே தொடர் நின்றது. 2017இல் மீண்டும் வந்தது வேறு கதை. இதனைச் சிறுவருடன் பார்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்வோம்.

அப்படியானால் மற்றக் கொலைக் கதைகளைப் பிள்ளைகளுடன் இருந்து பார்க்கலாமா என்று தாய்மார் கேட்பர். கொலம்போவிலே இரத்தம் அரிது. அவ்வதிகாரி பொதுவாகத் துப்பாக்கி வைத்திருப்பதில்லை, எவரையும் அடிப்பதுமில்லை. செய்திகளிலே நம் பிள்ளைகள் பார்த்துவிட்டவற்றோடு ஒப்பிட்டால் இவை மென்மையானவை. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுடன் பெற்றோர் கூடியிருந்து பார்ப்பதில் நாம் குறை காணவில்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்களைத் திரையின் கீழே ஓடவிட்டுப் பார்த்தால் மொழிப் பயிற்சியும் கிட்டும்; சேர் ஹம்ப்ரியின் நீண்ட வாக்கியங்களை மாத்திரம் பரீட்சையில் எழுத வேண்டாம்.

ஹோம்ஸ் கதைகளை அறியாத மாணவர், கிரனாடா தொடரில் முதலில் ஒளிபரப்பான பொகீமிய அரசனின் கதையிலிருந்தே தொடங்கலாம். அதிலே, வேடமிட்டும் பொய்த் தீ மூட்டியும் ஹோம்ஸ் கைப்பற்ற முயலும் படத்துடன் ஐரீன் அட்லர் என்னும் பெண் அவருக்கு முன்னரே ஊரைவிட்டுப் போய்விடுகின்றாள். அவ்விடத்தில் பிரெற்றின் முகத்தைப் பாருங்கள்.