பேசப் பேசச் சூடாகும் ரேடியோ!
பழைய கருவிக்கு மலை உச்சியில் புது வேலை

போலீஸ் காரில் ஓடி ஓடி உழைத்த ரேடியோ, வயதான பிறகு மலை ஏறுகிறது! அமெரிக்காவில் நடக்கும் வேடிக்கை இது.

பேசவும் கேட்கவும் உதவும் கருவிக்கு "இருவழி ரேடியோ" என்று பெயர். நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பேயோன் நகரப் போலீசார், 1933-ம் ஆண்டிலேயே காரில் இருந்தபடி இப்படிப் பேசினார்கள்.

வேலை போயிற்று

ரேடியோக்கள் பெருகின. அலைகளுக்கு இடம் போதவில்லை. ஒவ்வொரு அலைவரிசையின் அகலத்தையும் 25 கிலோஹெர்ட்சில் இருந்து 12.5 ஆகக் குறைக்கும்படி அமெரிக்க அரசு உத்தரவு போட்டது. 2013 ஜனவரி 1-ந் தேதி அதற்குக் கடைசிக் கெடு.

அதற்கு ஒத்துவராத பழைய கருவிகள் வேலை இழந்தன. மலிவு விலைக்கு வந்தன. "ஹாம்" எனப்படும் அமெச்சூர் ரேடியோ அன்பர்களை இந்த உத்தரவு கட்டுப்படுத்தவில்லை. அவர்கள் அவற்றை வாங்கினார்கள்.

வாங்கி என்ன செய்தார்கள்? மலை உச்சியில் "ரிப்பீட்டர்" நிலையமாக வைத்தார்கள். கீழே ஒருவர் பேசுவதை இது வாங்கி, பலமாகத் திருப்பி அனுப்பும். புயலில் தொலைபேசி செத்துப் போனாலும் இது பேசும்.

வில்லன் யார்?

சூடுதான்!

50 வாட் ரேடியோ, 13.8 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் குடிக்கிறது. அதாவது 138 வாட். அதில் 50 வாட் அலையாகப் போகிறது. மீதி 88 வாட்டும் சூடாகிறது! எரிகிற 100 வாட் குண்டு பல்பைத் தொட முடியுமா? கிட்டத்தட்ட அவ்வளவு சூடு.

காரில் கவலை இல்லை. இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிறுத்துவார்கள், கருவி ஆறிவிடும். ரிப்பீட்டருக்கு ஓய்வு ஏது? ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார்கள். சூடு ஏறி டிரான்சிஸ்டர் கருகிவிடும்.

என்ன வைத்தியம்?

முதலில் தூசி தட்ட வேண்டும். கருவியின் முதுகில் அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் போல நிற்கும். சூட்டைக் காற்றில் விடுபவை அவையே.

டிரான்சிஸ்டருக்கு அடியில் உள்ள பசை காய்ந்திருந்தால் துடைத்து, புதுப் பசை பூச வேண்டும். மெல்லியதாகப் பூசினால் போதும். அப்பிவிட்டால் சூடு இறங்காது. உப்பிப் போன கெப்பாசிட்டர்களையும் மாற்ற வேண்டும்.

சிறிய மின்விசிறி வைத்துத் தகடுகள் மேல் காற்று வீசச் செய்ய வேண்டும். 50 வாட்டை 25 ஆகக் குறைப்பது இன்னும் நல்லது. கேட்பவருக்கு அநேகமாக வித்தியாசமே தெரியாது. சூடோ நன்றாகக் குறையும்.

எச்சரிக்கை!

சில டிரான்சிஸ்டர்களுக்குள் பெரிலியம் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. உடைக்கவோ அராவவோ கூடாது.

ஏரியல் இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தக் கூடாது. வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து கருவியையே கெடுக்கும்.

லைசென்சும் அவசியம். அமெரிக்காவில் மட்டும் அல்ல, இந்தியாவிலும் பரீட்சை எழுதித் தேறியவர்தான் ஹாம் ரேடியோவில் பேசலாம்.