விதிக்குள் விதி எத்தனை ஆழம் போகலாம்?

இணையப் பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே விடும் இடம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது சிஎஸ்எஸ் என்ற விதித்தொகுப்பு. நார்வேக்காரரான ஹோக்கோன் வியும் லீ, செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1994 அக்டோபரில் இதை முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு இணையத்தின் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பாகம்: யாருக்கு, என்ன. ‘என்ன’ என்பது எளிது. சிவப்பு என்றால் சிவப்பு. ‘யாருக்கு’ என்பதைச் சொல்லும் பாகத்தை செலக்டர் என்கிறார்கள். சிக்கல்கள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

மேற்பகுதியில் இருக்கும் மெனுவில், பட்டியலுக்குள் வரும் இணைப்புக்கு மட்டும் ஒரு நிறம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் அந்த நீண்ட பாதையை ஒவ்வொரு விதியிலும் முழுதாக எழுத வேண்டும். 2006இல் ஹாம்ப்டன் கேட்லின் வடிவமைத்த சாஸ் என்ற கருவி இந்தச் சுமையைக் குறைத்தது. ஒரு விதியின் அடைப்புக்குறிக்குள்ளேயே இன்னொரு விதியை எழுதலாம். முழுப் பாதையைக் கருவியே விரித்து எழுதிக்கொள்ளும். 2009இல் வந்த லெஸ் கருவியும் அதே வசதியைத் தந்தது. நெஸ்டிங் என்ற இந்த முறை சட்டென்று பிடித்துப்போனது. பக்கத்தின் அமைப்பு எப்படியோ அப்படியே விதிக்கோப்பும் அடுக்கடுக்காகத் தெரிந்தது. அந்த அழகில் மயங்கி ஆறு, ஏழு அடுக்கு ஆழம் வரை போனவர்கள் ஏராளம்.

அதற்குக் கடிவாளமாகத்தான் ‘இன்செப்ஷன் விதி’ வந்தது. கனவுக்குள் கனவாக இறங்கிப் போகும் 2010ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயர் அது. நான்கு அடுக்குக்கு மேல் இறங்காதே என்பது விதி. இன்று பல குழுக்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. ஸ்டைல்லின்ட் என்ற சோதனைக் கருவியில் ஆழத்துக்கு வரம்பு வைத்துவிட்டால், அதை மீறும் வரிகளை அதுவே சுட்டிக்காட்டிவிடும்.

ஏன் வரம்பு? முதல் காரணம் எடை. ஒரே இணைப்புக்கு இரண்டு விதிகள் இரண்டு நிறம் சொன்னால், உலாவி மூன்று பத்திகளில் எண்ணிப் பார்க்கும்: செலக்டரில் எத்தனை ஐடி (ஒரே ஓர் உறுப்புக்கான பெயர்), எத்தனை கிளாஸ் (பல உறுப்புகளுக்குப் பொதுவாக வைக்கக்கூடிய பெயர்), எத்தனை சாதாரண உறுப்புப் பெயர். முதல் பத்தியில் பெரியவர் வெல்வார். அங்கே சமம் என்றால் அடுத்த பத்தி. மேற்பகுதியின் ஐடி, மெனு கிளாஸ், பட்டியல் கிளாஸ், இணைப்பு என்று நான்கு அடுக்கில் எழுதிய விதியின் எடை 1-2-1. பிறகு வருகிற ஒருவர் ஒரே ஒரு கிளாஸ் வைத்து 0-1-0 எடையில் நிறத்தை மாற்றப் பார்க்கிறார்; மாறாது. அவர் இன்னும் ஆழமாக எழுதுவார், அல்லது ‘இம்பார்டன்ட்’ முத்திரையைக் குத்துவார். அடுத்து வருபவர் அதையும் மிஞ்ச வேண்டும். ஒரு காலத்தில் சில உலாவிகள் ஒவ்வொரு பத்தியையும் 8 பிட்டில் சேமித்தன. அதனால் 256 கிளாஸ்களைக் கோத்தால், கிளாஸ் பத்தி நிரம்பி வழிந்து ஓர் ஐடியையே தோற்கடித்தது!

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆழமான செலக்டர் ஒரு பொருளை அதன் பெயரால் அழைப்பதில்லை, இருக்கும் இடத்தால் அழைக்கிறது. ‘மாடி வீட்டில், பின்கட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்’ என்று அடையாளம் சொன்னால், அவர் எழுந்து திண்ணைக்கு வந்ததும் அந்த அடையாளம் செல்லாது. மெனுவை அடிப்பகுதிக்கு நகர்த்தினாலோ, நடுவே ஓர் உறையை எடுத்துவிட்டாலோ, விதி எந்தப் பிழைச்செய்தியும் தராமல் செயலிழந்துவிடும்.

மூன்றாவது, பெருக்கம். ஒவ்வோர் அடுக்கிலும் காற்புள்ளியிட்டு மூன்று பெயர் கொடுத்து நான்கு அடுக்கு இறங்கினால், கருவி விரித்து எழுதும் செலக்டர்கள் 81. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9ஆம் பதிப்பு வரை ஒரு கோப்பில் 4,095 செலக்டர்களுக்கு மேல் படித்ததில்லை. மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

ஆழம் கூடினால் பக்கம் மெதுவாகும் என்றும் சொல்வார்கள். உலாவி செலக்டரை வலமிருந்து இடமாகப் படிப்பதால் மூதாதை உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும் என்பது வாதம். ஆனால், பொருந்தாதவற்றைச் சீக்கிரம் ஒதுக்க இன்றைய உலாவிகளிடம் நல்ல உத்திகள் இருக்கின்றன. வேகத்துக்காக மட்டும் இந்த வரம்பை வலியுறுத்துவது பலவீனமான வாதம்.

2023இல் நெஸ்டிங் உலாவிகளுக்குள்ளேயே வந்துவிட்டது: ஏப்ரலில் குரோம் 112, மே மாதம் சஃபாரி 16.5, ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸ் 117. இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. மேலடுக்கில் ஓர் ஐடியையும் ஒரு கிளாஸையும் காற்புள்ளியிட்டுச் சேர்த்து எழுதினால், இரண்டில் கனமானதன் எடையே உள்விதி முழுவதற்கும் போய்ச் சேரும். சாஸ் இரண்டையும் தனித்தனியாக விரிக்கும் என்பதால் அதில் இப்படி நடப்பதில்லை. பழைய கோப்பை அப்படியே புதிய முறைக்கு மாற்றினால், அதுவரை எளிதாக மாற்ற முடிந்த விதி திடீரென்று அசையாமல் நிற்கும்.

எதை எண்ணுவது என்பதிலும் தெளிவு வேண்டும். சுட்டி மேலே வரும்போது நிறம் மாறும் விதியையோ, சிறிய திரைக்கான மாற்றத்தையோ கிளாஸுக்குள்ளேயே எழுதுவதில் தவறில்லை. அவை ஒரு மூதாதையையும் துணைக்கு அழைப்பதில்லை. ஸ்டைல்லின்டில் இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடவும் முடியும். ஆசிரியர் குழு தட்டச்சு செய்து அனுப்பும் கட்டுரையின் உடற்பகுதி இன்னொரு விதிவிலக்கு. அங்கே ஒவ்வொரு பத்திக்கும் மேற்கோளுக்கும் யாரும் கிளாஸ் போட மாட்டார்கள். ‘கட்டுரைக்குள் இருக்கும் பத்தி’ என்று ஓர் அடுக்கு இறங்குவதுதான் சரியான வழி.

அடுக்கைத் தவிர்க்கவும் ஒரு வழி உண்டு: யாண்டெக்ஸ் நிறுவனத்தில் பிறந்த பெம் என்ற பெயரிடும் முறை, உறவைப் பெயரிலேயே வைக்கிறது. மெனுவின் இணைப்புக்கு ‘மெனு__இணைப்பு’ என்று ஒரே கிளாஸ். சாஸில் இதை அடுக்காக எழுதினாலும் விரிந்து வருவது ஒற்றைக் கிளாஸ்தான். உலாவியின் சொந்த நெஸ்டிங்கில் இப்படிப் பெயரை ஒட்ட முடியாது. எழுதுகிற கோப்பின் ஆழமும் உலாவிக்குப் போகும் செலக்டரின் நீளமும் வெவ்வேறு என்பது இதில் தெரிகிறது. ஸ்டைல்லின்டில் இரண்டாவதை அளக்கத் தனி விதி இருக்கிறது. அடுக்குகளை விரித்த பிறகே அது எண்ணுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் நான் அதையே வைப்பேன்.