கடல் கடந்து கல்யாணமா?

மோதி பாக்கில் உள்ள நம் குடும்பங்களிலும் ‘இருபது பேரோடு வெளிநாட்டில் கல்யாணம்’ என்ற பேச்சு எழுகிறது. ஹோட்டலுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் சட்டத்தைப் பாருங்கள்.

1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி இந்தியத் தூதரகத்தில் மணம் முடிக்க, மணமக்களில் ஒருவராவது அந்நாட்டில் 30 நாட்கள் தங்கிய பிறகே நோட்டீஸ் தர முடியும். ஆட்சேபத்துக்கு மேலும் 30 நாட்கள். ஒரு வார லீவில் இது நடக்காது.

வெறும் பதிவும் போதாது. சடங்கில்லாத சான்றிதழ் மட்டும் இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆகவே, மலை மந்திர் முருகனை வேண்டிக்கொண்டு, விமானம் ஏற முடியாத தாத்தா பாட்டி முன்னிலையில் தில்லியிலேயே தாலி கட்டி, சப்தபதி முடித்து, பதிவும் செய்துவிடுங்கள். விருந்தைக் கொழும்பிலோ பாலியிலோ வையுங்கள். நாளை நம் பெண்ணின் விசாவுக்குக் கல்யாண ஆல்பம் மட்டும் போதாது, சான்றிதழும் வேண்டும்.