சாப்பிடுகிற நாய்க்கும் பல் வலிக்கும்

கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கிய நாயைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கி வருவார்கள். தேனீ கொட்டியிருக்கும், முள் குத்தியிருக்கும் என்று வீட்டிலேயே ஏதாவது பற்றுப் போட்டு நாலு நாள் பார்த்திருப்பார்கள். மருத்துவர் மேலுதட்டைத் தூக்கிப் பார்ப்பார். பல நேரங்களில் காரணம் அங்கேதான் இருக்கும். நாயின் மேல்தாடையில், இரு பக்கமும் பின்வரிசையில், இறைச்சியை வெட்டுவதற்கென்றே ஒரு பெரிய பல் உண்டு. அதற்கு மூன்று வேர்கள். அவை கண்ணுக்குக் கீழே வரை போகின்றன. வேரில் சீழ் கட்டினால் கன்னம் வீங்கும். மருந்து கொடுத்தால் வற்றும். பல்லைக் கவனிக்காமல் விட்டால் மறுபடி வரும்.

“நேற்றுவரை நன்றாகத்தானே சாப்பிட்டது?” என்று வளர்ப்பவர்கள் கேட்பது இயல்புதான். ஆனால் தட்டு காலியாவதை வைத்து வலி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. பசி வலியை மீறும். வலிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கமாக மெல்லும், மெல்லாமலே விழுங்கும், பிஸ்கட்டைக் கவ்வி, கீழே போட்டு, மறுபடி எடுக்கும். பூனையோ வலியை இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைக்கும். ஆசையாகத் தட்டுக்கு ஓடி வந்து, ஒரு வாய் எடுத்ததும் தலையை உதறிக்கொண்டு விலகினால், அதைப் பிகு என்று நினைக்காதீர்கள்.

நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் சொத்தைப் பல் அரிது. ஆனால் காரை சீக்கிரம் படியும். பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் மெல்லிய படலமாக ஒட்டத் தொடங்கிவிடும். அதைத் துடைக்காமல் விட்டால், உப்புத் தண்ணீர்க் குடத்தின் உள்ளே வெள்ளை பிடிப்பதுபோல, உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இரண்டு மூன்று நாளில் கெட்டிக் காரையாகிவிடும். முதலில் சொன்ன அந்தப் பெரிய பல்லுக்கு எதிரேதான் கன்னத்தின் உமிழ்நீர்க் குழாய் திறக்கிறது. பழுப்புக் காரை அங்கே தடிமனாகப் படிவது அதனால்தான்.

கண்ணில் படுகிற காரையைவிட, ஈறுக்கு அடியில் புகுந்த கிருமிகள்தான் ஆபத்து. ஈறு சிவந்து வீங்கும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். வாய் நாறும். நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாற்றம் பெரும்பாலும் நோயின் நாற்றம். மூன்று வயதைத் தாண்டிய நாய், பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஈறு நோய் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. பொமரேனியன் போன்ற சிறு இனங்களுக்குத் தாடை சிறிது, பற்கள் நெருக்கம். கீழ்க்கடைவாய்ப் பல்லின் வேர் தாடையின் அடிவிளிம்பைத் தொடும் அளவுக்கு இறங்கியிருக்கும். அங்கே எலும்பு கரைந்தால், சோபாவிலிருந்து குதித்தாலே தாடை முறியலாம்.

பூனைகளுக்கு அதிகம் வரும் தொல்லை ஒன்று உண்டு: உடலின் சொந்த உயிரணுக்களே பல்லைக் கரைத்துவிடும். ஈறோரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். தொட்டால் தாடை நடுங்கும். ஏன் வருகிறது என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. துலக்கினாலும் தடுக்க முடியாது. அந்தப் பல்லை எடுத்துவிடுவதுதான் வழி. பல் போன பூனை எப்படிச் சாப்பிடும் என்று பயப்பட வேண்டாம். வலி போனதும் முன்பைவிட நன்றாகவே சாப்பிடும்.

மயக்க மருந்து இல்லாமல் காரையைச் சுரண்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பல் வெள்ளையாகும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்வதுதான் சிகிச்சை.

வீட்டில் தினமும் துலக்குவதற்கு ஈடு எதுவும் இல்லை. நம் பேஸ்ட் வேண்டாம். நாயும் பூனையும் துப்பாமல் விழுங்கிவிடும். சில பேஸ்ட்களில் உள்ள சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். செல்லப் பிராணிகளுக்கான பேஸ்டை முதலில் விரலில் நக்கக் கொடுங்கள். பழகியபின் மென்மையான பிரஷ். வாயைப் பிளக்க வேண்டியதில்லை, உதட்டைத் தூக்கி வெளிப்பக்கம் தேய்த்தால் போதும். காரை அதிகம் படிவது அங்கேதான். மாட்டுக்கால் எலும்பு பல்லைச் சுத்தம் செய்யும் என்று கொடுக்காதீர்கள். அதைக் கடிக்கும்போது மேல்தாடையின் அந்தப் பெரிய பல் பிளந்துவிடலாம். துலக்கும்போது ரத்தம் கசிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறு மட்டும் வீங்கிய நிலையென்றால் முழுதாகக் குணமாகும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.